என் பெயரில் கிடந்தவள்

என் பெயரைக் கூப்பிட்டதும் என் தங்கை எழுந்திருக்கிறாள், பெஞ்சின் விளிம்பை ஒரு கையால் பற்றி, மறு கையால் அடிவயிற்றைத் தாங்கி, நிறைகுடத்தை இடுப்பில் வைத்தவள் போல ஒரு பக்கம் சாய்ந்து, காலில் என்னுடைய மெட்டி, அவள் விரலுக்கு அது பெரிது, ஒவ்வோர் அடிக்கும் தரையில் டிக்கென்று சத்தம், கழுத்தில் ஆஸ்பத்திரி வாசல் பூக்கடையில் வாங்கிய மஞ்சள் கயிறு, அதில் தாலி இல்லை, வெறும் கயிறு, அதை ரவிக்கைக்குள் தள்ளித் தள்ளி விட்டுக்கொள்கிறாள், நான் உட்கார்ந்தே இருக்கிறேன், என் வயிற்றிலும் தண்ணீர் முட்டுகிறது, ஸ்கேன் அவளுக்குத்தான், தனியாக் குடிக்க முடியலக்கா, நீயும் குடி, என்று சொன்னாள், ஒரு மடக்கு அவள், ஒரு மடக்கு நான் என்று ஒரு சொம்பை இரண்டு பேரும் காலி செய்திருந்தோம், ஸ்கேன் அறையின் கதவு திறக்கிறது, என் பெயரோடு அவள் உள்ளே போகிறாள், கதவு மூடுகிறது, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைப் பெயின்ட் சுவர் வெள்ளை டைல்ஸாகிறது, மின்விசிறியின் கடகட சத்தம் ஏசியின் முணுமுணுப்பாகிறது, முப்பத்தைந்து வருஷம் ஒரு மடக்கில் தொண்டைக்குள் இறங்கிப் போகிறது, இப்போது பாட்டில் என் கையில், அறுபத்து மூன்று வயது வயிறு என்னுடையது, அதற்குள் வலது சினைப்பையில் ஆறு சென்டிமீட்டர் கட்டியும் என்னுடையது, பக்கத்தில் உலகம்மாள், என் ஒரே தங்கை, சுரண்டையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தவள், குடிக்கா, கால் பாட்டில் இன்னும் இருக்கு, அந்த ஸ்கேன் பிள்ளை என்ன சொல்லிச்சு, நல்லா முட்டிட்டு வந்தாத்தான் உள்ள தெளிவாத் தெரியுமாம், எனக்குத் தெரியாதா, என்கிறேன், ஒனக்கு எப்படித் தெரியும், என்கிறாள், சாதாரணமாகத்தான் சொல்கிறாள், என் கையில் பாட்டில் நெளிகிறது.

காலையில் டாக்டரம்மா நன்றாகத்தான் பேசினாள், என் மகள் வயதுதான் இருக்கும், ஒரு காகிதத்தில் கர்ப்பப்பையை வரைந்து, இரண்டு பக்கமும் இரண்டு வட்டம் போட்டு, வலது வட்டத்தின் மேல் பெரிதாக இன்னொரு வட்டம் போட்டாள், நீர்க்கட்டின்னாலே பயந்துரக் கூடாதும்மா, மாதவிலக்கு வர்ற வயசுல வர்ற கட்டி நிறையப் பேருக்குத் தானா வத்திப் போயிரும், நாங்க தொடக்கூட மாட்டோம், உங்களுக்கு நின்னு பதிமூணு வருஷம் ஆச்சு, அதனால கொஞ்சம் உத்துப் பாக்கணும், சின்னதா, வெறும் தண்ணியா இருந்தா மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கலாம், உங்களுதுல நடுவுல ஒரு தடுப்பு மாதிரி தெரியுது, அதுக்கு ஒரு ரத்த டெஸ்ட், இன்னொரு நல்ல ஸ்கேன், அப்புறம் முடிவு பண்ணுவோம், மாத்திரையில கரையாதா டாக்டர், கரையாதும்மா, ஊசி போட்டுத் தண்ணிய உறிஞ்சிர முடியாதா, இந்த வயசுல அப்படிச் செய்யக் கூடாதும்மா, எடுக்கணும்னா சின்னச் சின்னத் துளை போட்டு, கட்டிய உடைக்காம ஒரு பைக்குள்ள போட்டு எடுத்துருவோம், ரெண்டு சினைப்பையையும் சேத்து, நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், அப்போது உலகு வாயைத் திறந்தாள், கட்டிய மட்டும் எடுத்துட்டுப் பைய விட்ரக் கூடாதா டாக்டர், அந்தப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள், சின்ன வயசுன்னா அதத்தான்மா செய்வோம், கல்யாணம் ஆகாத பொண்ணு, பிள்ளை பெறாத பொண்ணுன்னா எவ்வளவு நேரம் ஆனாலும் கட்டிய மட்டும் உரிச்சு எடுத்துட்டு முடிஞ்ச வரைக்கும் பையக் காப்பாத்திருவோம், அக்காவுக்கு அது தேவையில்லையே, உலகு சரி என்றாள், மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள், நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த கேள்வி என்னிடம் வந்தது, உங்க வீட்டுல, அம்மா, கூடப் பொறந்தவங்க, யாருக்காவது சினைப்பையில கட்டி வந்து ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணியிருக்கா, எடுத்த கட்டிய டெஸ்டுக்கு அனுப்பினதுல ஏதும் சொன்னாங்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அப்படி ஏதாவது இருந்தா நாங்க காத்திருக்க மாட்டோம், யோசிக்கவே இல்லை, கேட்ட வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன், யாருக்கும் இல்ல டாக்டர், உலகின் கை கைப்பையின் ஜிப்பில் போய் நின்றது, டாக்டரம்மா எழுதிக்கொண்டாள், யாருக்கும் இல்லை, என் உயிர் சம்பந்தப்பட்ட காகிதத்தில் என் வாயாலேயே ஒரு பொய், அதைச் சொல்ல எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை, பழகிய வாய்.

உலகுக்கு அப்போது இருபத்து மூன்று, இடது பக்கம் இழுத்துப் பிடிக்குதுக்கா என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், சூட்டு வலி என்று அம்மா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், அதற்குள் சுரண்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பூ வைத்த பன்னிரண்டாம் நாள் அவள் சுருண்டு விழுந்தாள், கடையநல்லூர் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, பாளையங்கோட்டையில் மிஷின் வந்திருக்கிறது, போய்ப் படம் எடுங்கள் என்றார், அம்மா என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள், ஏளா, குமரிப் பிள்ளைக்குக் கர்ப்பப்பைப் பக்கத்துல கட்டின்னா ஒருத்தன் கெட்டுவானா, ஒன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரிக் கூட்டிட்டுப் போயிட்டு வா, காக்காய்க்குத் தெரியக் கூடாது, என்றாள், காக்காய்க்குத் தெரியாமல்தான் போனோம், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற மேஜையில் எஸ்தர் என்று ஒரு நர்ஸ், நல்ல சிரித்த முகம், எந்த ஊரு நீங்க, கடையநல்லூரா, நமக்குப் பக்கம்தான், எனக்குச் சுரண்டை, அம்மன் கோயில் தெரு, என்றாள், மாப்பிள்ளை வீடும் அதே அம்மன் கோயில் தெருதான், உலகின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது, பேஷண்ட் பேரு என்னம்மா, என்று எஸ்தர் பேனாவைத் தூக்கினாள், என் வாயிலிருந்து என் பெயர் வந்தது, அம்மா சொல்லித் தரவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை, என் பெயர், என் வயது, கல்யாணம் ஆயிட்டா, ஆயிட்டு, குழந்தை, ரெண்டு, மூத்தது பொண்ணு, அடுத்தது பையன், இந்தக் கூட வந்திருக்க நீங்க யாரு, இவ தங்கச்சி, உலகம்மா, என்றேன், அந்த நேரம் முதல் அந்தக் கட்டடத்துக்குள் நான் உலகம்மாள், அவள் நான்.

அதற்குப் பிறகு குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் அடிவயிறு வலிக்கிறது, மெட்டி வரவில்லை, சோப்புப் போட்டுத் திருகித் திருகி எடுத்தோம், அவள் குந்தி உட்கார்ந்து என் கால் விரலை இழுத்தாள், யக்கா, இப்ப நீ குமரி, நான் பிள்ளை பெத்தவ, என்னைய அக்கான்னு கூப்புடு பாப்போம், சொல்லுங்கக்கா, என்றேன், என்ன தங்கச்சி, மாப்பிள்ளை பாத்தாச்சா ஒனக்கு, என்று கேட்டாள், வலியில் நெற்றியெல்லாம் வியர்வை, அப்படியும் கேட்டாள், நான் என் கழுத்துச் செயினில் கை வைத்தபோதுதான் சிரிப்பை நிறுத்தினாள், அது வேண்டாம்க்கா, அத்தானுக்கு ஆகாது, மஞ்சக் கயிறு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடுதேன், என்றாள், ஆகாது என்று அவள் பயந்தது என் வீட்டுக்காரருக்கு, அவளுக்கு ஆகாமல் போகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை, ஸ்கேனில் எலுமிச்சை அளவு என்று நினைத்தது ஆரஞ்சு அளவு இருந்தது, உள்ளே கை விட்டுச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது உலகு அழுத அழுகையில் அவர் சலித்துப்போய், சரி, படமே போதும் என்று விட்டுவிட்டார், ஆபரேஷனுக்கு நாகர்கோவிலிலிருந்து பெரிய டாக்டர் சனிக்கிழமை மட்டும் வருவார், அவர் அவள் முகத்தைப் பார்த்தது மயக்க மருந்து கொடுத்த பிறகுதான், என் வீட்டுக்காரர் வந்து சம்மதக் கையெழுத்துப் போட்டார், அவர் பெண்டாட்டிக்குத்தானே ஆபரேஷன், காகிதப்படி.

ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் தனியாக இருக்கிறேன், காலைப் பத்தரை மணி, வெயில் வராந்தாவில் பாதி தூரம் வந்திருக்கிறது, கதவு திறந்து எஸ்தர் தலையை நீட்டுகிறாள், முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருக்கிறாள், அதன் நாடா கன்னத்தில் அழுத்திய கோடு சிவப்பாக இருக்கிறது, உலகம்மா, என்கிறாள், அது நான்தான் என்று உறைக்க ஒரு கணம் ஆகிறது, டாக்டர் கேக்காரு, அக்காவுக்கு ரெண்டு பிள்ளைன்னு எழுதியிருக்கு, கர்ப்பப்பையைப் பாத்தா பிள்ளை பெத்த மாதிரித் தெரியலன்னு சொல்லுதாரு, கட்டி சினைப்பையோட ஒட்டிக் கெடக்கு, பிள்ளை இருக்குன்னா பையோட எடுத்துருவாராம், அது சுலுவு, அந்தப் பக்கம் மறுபடி வராது, பிள்ளை இல்லன்னா உரிச்சு எடுக்கப் பாப்பாராம், நேரமாகும், ரத்தம் போகும், சரியாச் சொல்லுங்க, ரெண்டு பிள்ளைதானே, என்கிறாள், எத்தனை தடவை இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன், அடுப்படியில் பால் பொங்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம், என் பேரன் பிறந்த ஆஸ்பத்திரியில், கனவில், அந்தக் கதவு திறந்தபடியே நிற்கிறது, எஸ்தர் காத்திருக்கிறாள், வெயில் நகராமல் நிற்கிறது, என் நாக்குக்கு அடியில் உண்மை இருக்கிறது, ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்ற வார்த்தை, சொல்லிவிடுவேன், கனவில் பல தடவை சொல்லியிருக்கிறேன், ஆனால் இவள் சுரண்டைக்காரி, அம்மன் கோயில் தெரு, இவளிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டித்தான் போவாள், பூ வைத்த பெண்ணுக்குப் பொய்க் கயிறு, பொய்ப் பெயர், வயிற்றில் கத்தி, அதோடு எல்லாம் முடிந்தது, ஆமா, ரெண்டு, என்றேன், சரி, என்று கதவு மூடியது, அரை மணி நேரம் கழித்து அதே கதவு வழியாக ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள், கூட வந்தவர்களுக்குக் காட்டுவது வழக்கமாம், வெட்டித் திறந்த பை ஒன்று, உள்ளே நெய்க்கட்டி போல மஞ்சளாக ஏதோ, அதில் சுருண்டு கிடந்தது முடி, நீள முடி, கட்டிக்குள்ள சில பேருக்கு முடி, பல்லெல்லாம் இருக்கும், பயப்படாதீங்க, டெஸ்டுக்கு அனுப்புவோம், பத்து நாள் கழிச்சு வந்து வாங்கிக்கிடுங்க, என்றாள், அந்த முடியின் பக்கத்தில், நுங்கு மாதிரி வெளுப்பாக, சின்னதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அது என்ன என்று நான் கேட்கவில்லை.

எடுத்தாச்சாக்கா, எடுத்தாச்சு, எல்லாத்தையுமா, கட்டியத்தான், தூங்கு, என்றேன், டெஸ்ட் முடிவை வாங்க நான் போகவில்லை, பத்து நாள் இருபதானது, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கும் வேலை வந்தது, என் பெயர் எழுதிய ஒரு கவர் அங்கே இருக்கிறது என்று தெரியும், அதற்குள் அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ என்று பயம், வாங்கினால் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொண்டால் சொல்ல வேண்டும், தழும்புக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று சுரண்டையில் சொல்லிக்கொண்டோம், மாப்பிள்ளை நல்ல மனுஷன், ஒரு வருஷம் ஆனது, மூன்று ஆனது, மாமியார்க்காரி தண்ணீர்க் குழாயடியில் நின்று, வயித்துல கத்தி பட்டதைக் கொண்டாந்து நம்ம தலையில கெட்டிட்டாங்க, என்று சொல்வாளாம், உலகு குடத்தைக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு, நிறையட்டும் அத்தை, நிறைஞ்சதும் போயிருதேன், என்பாளாம், கோடை லீவுக்கு என் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போவாள், சித்தி தலை தேய்ச்சு விட்டாத்தான் குளிப்பேன் என்று என் மகன் அழுவான், அவன் தலையில் அவள் விரல்கள் போய்வருவதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவேன், ஏழாம் வருஷம் மதுரைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள், ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடி அண்ணாந்து குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், யக்கா, அன்னிக்கு நாம போனமே, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி, அது இன்னும் இருக்கா, எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ, அத இடிச்சுட்டாங்கன்னு கேள்வி, என்றேன், அப்படியா, என்றாள், சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள், மூணு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பாட்டில் காலி, முட்டுதாக்கா, என்கிறாள், முட்டுது, என்கிறேன், முட்டுகிறது, ஆனால் தண்ணீர் மட்டும் இல்லை, எதிரே கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் முட்டுகிறது போல, இன்னும் இரண்டு பேருக்குப் பிறகு என்னைக் கூப்பிடுவார்கள், ஜெல்லைத் தடவி உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்து எழுதுவார்கள், யாருக்கும் இல்லை என்ற வரியை வைத்துத்தான் டாக்டரம்மா நாளை முடிவு செய்வாள், அது பொய் வரி, அந்தத் தட்டில் இருந்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் முப்பத்தைந்து வருஷம் இவளை நடமாட விட்டிருக்கிறேன், இப்போது என்னுடையதையும் அப்படியே மூடப் பார்க்கிறேன், உலகு, என்கிறேன், உலகு, அன்னிக்கு ஒன்னைய உள்ள வச்சிருக்கும்போது அந்த எஸ்தர் வெளிய வந்தா, வந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டா, அவள் திரும்பவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள், பிள்ளை ரெண்டுதானேன்னு கேட்டா, டாக்டருக்குச் சந்தேகம் வந்து கேக்கச் சொன்னாரு, நான் ஆமான்னு சொன்னேன்ளா, ரெண்டுன்னு சொன்னேன், அதனாலதான் பையோட எடுத்தாங்க, எனக்கு அப்பவே தெரியும், தெரிஞ்சுதான் சொன்னேன், சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்குகிறது, பொய்க்கு வாங்காத மூச்சு.

அவள் கைப்பையைத் திறக்கிறாள், அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுக்கிறாள், ரேஷன் கார்டை வைக்கும் உறை, அதற்குள் நாலாய் மடித்த பழுப்புக் காகிதம், நீ இடிச்சுட்டாங்கன்னு சொன்ன ஆஸ்பத்திரிக்கு மறுநாளே போனேன், என்கிறாள், நல்லாத்தான் இருந்துச்சு, புதுசா வெள்ளை கூட அடிச்சிருந்தாங்க, மதுரை டாக்டர் ஒரு பக்கத்துப் பையே இல்லன்னு சொல்லிட்டாரு, எப்படி இல்லாமப் போகும்னு கேக்கப் போனேன், ஒம் பேரச் சொன்னேன், ஒம் பேருல கையெழுத்துப் போட்டேன், எனக்குத்தான் அந்தப் பேரு பழக்கமாச்சே, யாரும் வாங்காத கவர் ஒண்ணு ஃபைல்லயே குத்திக் கெடந்துச்சு, காகிதத்தை விரித்து என் மடியில் வைக்கிறாள், மேலே என் பெயர், நடுவில் ஆங்கிலத்தில் பேனா எழுத்து, அவள் விரல் வைத்துக் காட்டுகிறாள், இங்கன படி, ரெண்டு குழந்தைகள், தங்கச்சிகிட்ட கேட்டு உறுதி பண்ணியாச்சுன்னு எழுதியிருக்கா, எழுத்துக் கூட்டிப் படிக்கதுக்கு எனக்கு ஒரு பஸ் பயணம் ஆச்சு, பாளையங்கோட்டையில ஏறி ஆலங்குளம் வரும்போது புரிஞ்சுட்டு, நான் வாய் திறக்கப் பார்க்கிறேன், அவள் கையைக் காட்டி நிறுத்துகிறாள், இரு, கீழ பாரு, டெஸ்டுல பல்லும் முடியும்தான்னு போட்டிருக்கு, கெட்டது இல்லயாம், மதுரை டாக்டரும் படிச்சுப் பாத்துச் சொன்னாரு, நீ காலையில யாருக்கும் இல்லன்னு சொன்னியே, அப்ப எடுத்து மேசையில வச்சிருப்பேன், நீயாச் சொல்லுதியான்னு பாத்தேன், இருவத்தெட்டு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேன், ஒனக்கு வாய் தொறக்க வயித்துல கட்டி வரணும்போல.

மன்னிச்சிருளா, என்று சொல்ல நினைக்கிறேன், அந்த வார்த்தை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை, வரவில்லை, அவள் புடவை முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள், ஒரு பை இருந்தாலே பிள்ளை உண்டாகும்னுதான் அந்த டாக்டர் சொன்னாரு, உண்டாகல, ரெண்டும் இருந்திருந்தா உண்டாயிருக்குமா, அது ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஒண்ணு சொல்லுதேன் கேளு, அந்தக் கதவுகிட்ட ஒனக்குப் பதிலா நான் நின்னு நின்னு பாத்திருக்கேன், அந்தச் சுரண்டைக்காரி வந்து கேக்கா, இல்லன்னு சொல்லணும் சொல்லணும்னு நினைக்கேன், அவ மூஞ்சியப் பாத்ததும் எனக்கும் ரெண்டுன்னுதான்க்கா வருது, ஒவ்வொரு வாட்டியும் ரெண்டுன்னுதான் வருது, என்கிறாள், அதுக்காகக் கோவம் போயிட்டுன்னு நினைச்சிராத, கோவம் அப்படியே இருக்கு, இடிச்சுட்டாங்கன்னு சொன்னே பாரு, அதுக்குத்தான் ரொம்ப, என்கிறாள், என் கையில் இருக்கும் காலிப் பாட்டிலை வாங்கிப் போய்ப் பக்கத்துக் குழாயில் நிரப்பிக்கொண்டு வருகிறாள், இன்னுமா, என்னால ஆகாது, என்கிறேன், ஒனக்கில்ல, என்று சொல்லிவிட்டு அண்ணாந்து குடிக்கிறாள், அவள் தொண்டையில் தண்ணீர் இறங்குகிறது, பாதிப் பாட்டில், முக்கால், எதிரே இருக்கும் கர்ப்பிணிப் பெண் கண்ணைத் திறந்து பார்க்கிறாள், எதுக்குளா நீ குடிக்க, தனியாக் குடிக்க முடியாதுல்லா, என்கிறாள்.

கதவு திறக்கிறது, என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டதும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கிறோம், ஆளுக்கொரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, ஃபார்ம் வைத்திருக்கும் பெண் எங்களை மாறி மாறிப் பார்க்கிறாள், இதுல யாருங்கம்மா பேஷண்ட், கேட்டுவிட்டுப் பேனாவைத் தூக்குகிறாள், உலகு என்னைப் பார்க்கிறாள், அவளாக எதுவும் சொல்லமாட்டாள் என்று தெரிகிறது, நான்தான்மா, என்கிறேன், வயசு, அறுபத்து மூணு, குழந்தைங்க எத்தனைம்மா, அந்தப் பழைய வெயில் வராந்தாவில் பாதி தூரம் வந்து நிற்கிறது, எனக்கு ரெண்டு, என்கிறேன், எனக்குத்தான் ரெண்டு, என்கிறேன் மறுபடியும், பழுப்புக் காகிதத்தை அவளிடம் நீட்டுகிறேன், இதையும் டாக்டரம்மாகிட்ட குடுத்துரும்மா, காலையில ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன், இதுல இருக்கது எம் பேரு, ஆனா வயிறு இவளோடது, இவ என் தங்கச்சி உலகம்மா, இவளுக்குப் பிள்ளை இல்ல.